மர்மம் என்று எழுதும் முன்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் ஜூனீ என்ற ஊரில் ‘மாண்டி கிறிஸ்டோ’ என்றொரு பழைய பண்ணை வீடு இருக்கிறதாம். அந்நாட்டிலேயே பேய்கள் அதிகம் உலவும் வீடு அதுதான் என்கிறார்கள். அந்த வீட்டின் மர்மமான கடந்த காலம் என்ன? பேய் உண்டா, இல்லையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘மர்மம்’ என்ற சொல்லைக் கண்டதும் என் கை சிவப்புப் பேனாவை எடுத்துவிடும் என்பது எங்கள் நிருபர்களுக்குத் தெரியும். ‘மர்மக் காய்ச்சலுக்கு மூவர் பலி’ என்று செய்தி வந்தால், ரத்தப் பரிசோதனையின் முடிவு என்ன, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டு எழுதும்படி திருப்பி அனுப்பிவிடுவேன். மறுநாள் அது பெரும்பாலும் டெங்குவாகவோ எலிக்காய்ச்சலாகவோ திரும்பி வரும். விசாரிக்காமல் விட்டதையெல்லாம் மர்மம் என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் வடமொழியில் அந்தச் சொல்லுக்கு உயிர்நிலை என்று பொருள். அடிபட்டால் உயிர் போகும் இடம். வைத்தியர் விரல் வைத்துப் பார்க்கும் வர்மமும் அதன் வழி வந்ததுதான். நீங்கள் கேட்ட வீட்டுக்கு அந்தப் பழைய பொருளே பொருந்துகிறது.

ஜூனீ, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் விரஜுரி பழங்குடியினரின் மண்ணில் இருக்கும் ஊர். 1861ஆம் ஆண்டின் நிலச் சட்டம், குடியேறிகள் அரசு நிலத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்துத் தவணையில் வாங்க வழி செய்தது. அது ‘அரசு நிலம்’ ஆவதற்கு முன் யாருடையது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் வில்லியம் கிராலி, 1878இல் ரயில் பாதை ஜூனீயை எட்டியபோது நிலையத்துக்கு எதிரே விடுதி கட்டிச் செல்வந்தரானார்; 1885 வாக்கில் ஊரைப் பார்த்தபடி குன்றின் மேல் இரண்டு அடுக்கு மாளிகையை எழுப்பினார். அவர் 1910இலும், மனைவி எலிசபெத் 1933இலும் இறந்தார்கள். கணவருக்குப் பின் வாழ்ந்த 23 ஆண்டுகளில் அந்த அம்மையார் இரண்டே முறைதான் வீட்டை விட்டு வெளியே வந்தார் என்றும், மாடி அறை ஒன்றைச் சிற்றாலயமாக்கிக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள். குடும்பம் 1948 வரை அங்கே இருந்தது. வீட்டுக்காரர்களைப் பற்றி இவ்வளவு தெரிகிறது.

இனி, பேய்களாகச் சொல்லப்படுகிறவர்கள் யார் என்று பாருங்கள். எலிசபெத் அம்மையாரும் அவர்களில் ஒருவர்தான். ஆனால் கேட்பவரை நடுங்க வைக்கும் கதைகள் வேறு ஆட்களுடையவை. மாடி முகப்பிலிருந்து விழுந்து இறந்த பணிப்பெண் ஒருத்தி, கருவுற்றிருந்தாள் என்பார்கள். உடம்பு சரியில்லை, எழ முடியவில்லை என்று சொன்ன லாயத்துச் சிறுவனை நம்பாமல், அவன் படுத்திருந்த வைக்கோல் மெத்தைக்கே தீ வைத்தார்கள், உண்மையிலேயே நோயாளியாக இருந்ததால் அவனால் எழுந்து ஓட முடியவில்லை என்பது இன்னொரு கதை. பால் கொட்டகையை ஒட்டிய இடத்தில், மனநலம் குன்றிய ஒருவர், பணியாளின் மகன், நாற்பது ஆண்டுகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார் என்கிறது மூன்றாவது கதை. அங்கே இரவு தங்கப் போகிறவர்கள் சங்கிலி இழுபடும் ஓசை கேட்கிறதா என்று காத்திருக்கிறார்கள். எனக்கோ அந்தச் சங்கிலியின் நீளம்தான் நெஞ்சை அறுக்கிறது: அது கதவு வரை எட்டியதா, வெயில் படும் இடம் வரை எட்டியதா?

இவர்களைக் கதைகள் பெரும்பாலும் ‘பணிப்பெண்’ என்றும் ‘லாயத்துச் சிறுவன்’ என்றும் மட்டுமே அழைக்கின்றன. கிராலிக்குப் பத்திரம் உண்டு, விடுதி உண்டு, இறந்த ஆண்டு உண்டு. கூலிக்கு உழைத்தவர்களுக்கு ஆவி வடிவம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. விரஜுரி மக்களுக்கோ, நான் படித்த கதைகளில் அதுகூடக் கிடைக்கவில்லை.

1961இல், பாழடைந்து கிடந்த அந்த வீட்டுக்குக் காவலாக இருந்தவரை உள்ளூர் இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்த மரணத்தை மர்மம் என்று எவரும் சொல்வதில்லை, ஏனென்றால் சுட்டவன் யார் என்பது தெரிந்துவிட்டது. மற்ற மரணங்களையும் அன்றே ஒருவர் விசாரித்திருந்தால் அந்த வீட்டில் பேய்கள் வெகுவாகக் குறைந்திருக்கும். 1963இல் ரயன் குடும்பத்தினர் அதை வாங்கிப் பழுதுபார்த்து மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடிந்து போகாமல் வீடு நிற்பது அவர்களால்தான்.

பேய் உண்டா என்று கேட்டீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தீயில் கிடந்த சிறுவன் ஒருவன் இருந்தான் என்பதை மட்டும் நம்பத் தோன்றுகிறது. என்றாவது ஜூனீக்குப் போனால், எந்த அறையில் உருவம் தெரியும் என்று கேட்பதற்கு முன், அந்தப் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று கேளுங்கள்.