முட்டை குறைந்ததற்கு டானிக் கேட்கிறீர்கள், ராத்திரி கூட்டைத் திறந்து பார்த்தீர்களா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 12 பெட்டைக்கோழியும் 3 சேவலும் வளர்க்கிறேன். இரண்டு மாதம் முன்புவரை தினம் 7, 8 முட்டை கிடைத்தது. இப்போது 2, சில நாள் அதுவும் இல்லை. கொண்டை வெளுத்திருக்கிறது. இரண்டு கோழிகளுக்குக் கழுத்தில் இறகு கொட்டிவிட்டது. அடை வைத்த கோழி 15-ஆம் நாள் எழுந்து போனது, திரும்ப உட்காரவே இல்லை, அத்தனை முட்டையும் வீண். கொஞ்ச நாளாகச் சாயங்காலம் கூட்டுக்குள் போகாமல் மரத்தில் ஏறிக்கொள்கின்றன, விரட்டிப் பிடித்து அடைக்க வேண்டியிருக்கிறது. தீவனக் கடையில் ஒரு கால்சியம் டானிக், ஒரு கல்லீரல் டானிக், தண்ணீரில் கலக்க ஒரு மஞ்சள் பவுடர் கொடுத்தார்கள். 10 நாள் கொடுத்தும் மாற்றமில்லை. எந்த டானிக் நல்லது? அளவை இரட்டிப்பாக்கலாமா? (மூன்று மாதம் முன்பு 4 கோழிகளும் ஒரு பழைய மரக்கூடும் சேர்த்து வாங்கினேன், அதற்கு முன்பு இப்படி ஆனதில்லை.)

பதில்:

இரட்டிப்பாக்க வேண்டாம் அம்மா. மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயத்தைக் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள், பழைய கூடு வாங்கினேன் என்று. அதோடு கூட்டுக்குள் போகாத கோழி, அடையை விட்டு எழுந்த கோழி, வெளுத்த கொண்டை, இத்தனையும் ஒரே கடிதத்தில் வந்தால் எனக்குத் தீவனம் இரண்டாவது சந்தேகம்தான். முதல் சந்தேகம் செள்ளு. சிலர் இதையும் கோழிப்பேன் என்றே சொல்லிவிடுவார்கள், ஆனால் பேன் வேறு. பேன் ராப்பகலாகக் கோழி உடம்பிலேயே குடியிருக்கும், இறகையும் தோல் செதிலையும் தின்னும். நான் சொல்லும் சிவப்புச் செள்ளு பகல் முழுக்க மரச் சட்டத்தின் இடுக்கில் கிடந்துவிட்டு, இருட்டியதும் ஊர்ந்து வந்து கோழியின் ரத்தத்தைக் குடித்துவிட்டு, விடிவதற்குள் திரும்பிப் போய்விடும். அளவு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பசியோடு இருந்தால் சாம்பல் நிறம், குடித்திருந்தால் சிவப்பு. பகலில் கோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, தெரியாததால்தான் டானிக் வியாபாரம் நடக்கிறது.

காலையில் முட்டை எடுக்கும்போது கையில் அரிப்பு உண்டா? எழுதவில்லை. இருந்தால் பாதி உறுதி.

மீதிப் பாதிக்கு ஒரு டார்ச்சும் ஒரு வெள்ளைத் துணியும் போதும். நன்றாக இருட்டி ஒன்றிரண்டு மணி நேரம் ஆன பிறகு போய், கோழி உட்காரும் கழியின் அடிப்பக்கத்தைத் துணியால் அழுத்தித் துடையுங்கள், அது சட்டத்தில் பொருந்தும் முனைகளை முக்கியமாக. துணியில் சிவப்புத் தீற்றல் வந்தால் அது உங்கள் கோழியின் ரத்தம்தான். பகலில் அதே முனைகளில் உப்பும் மிளகுத்தூளும் கலந்து கொட்டியது மாதிரி ஒரு தூசு இருக்கும், தூசு என்று நினைத்து விட்டுவிடுவோம்.

நானும் அப்படி விட்டவன்தான். பல வருடம் முன்பு என் சொந்தக் கோழிகளுக்கே இரண்டு மாதம் வைட்டமினை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டில் மூங்கில் கழி போட்டிருந்தேன், பார்க்க அழகாக இருந்தது. ஒருநாள் அது விரிசல் விட, மாற்றலாம் என்று எடுத்துப் பிளந்தால், ஒவ்வொரு கணுவுக்குள்ளும் ஒரு கைப்பிடி செள்ளு. அன்றிலிருந்து மூங்கில் வேண்டாம், ஆணி அடித்த கழி வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்று படிந்த பலகை வேண்டாம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் கேலிகூடச் செய்கிறார்கள். ஆனால் கோழி வளர்ப்பில் பாதி நோய் கூடு கட்டும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். கையால் கழற்றி வெளியே எடுக்க முடியாத எதையும் கூட்டுக்குள் வைக்காதீர்கள். கழி என்றால் இழைத்த ஒற்றைக் கட்டை, இரண்டு பக்கமும் கொக்கியில் சும்மா படுத்திருக்க வேண்டும், சுவரைத் தொடக்கூடாது. ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம். முனையில் எண்ணெய் தடவி வைத்தால் ஏற வரும் செள்ளு அதிலேயே ஒட்டும். நாலு கால் வைத்துத் தனியாக நிற்கும் கழியானால் இன்னும் நல்லது, ஒவ்வொரு காலையும் ஒரு எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்திவிடலாம்.

சரி, இப்போது இருக்கிற கூட்டுக்கு வருவோம். எரிக்க மனம் வந்தால் எரித்துவிடுங்கள், நான் அதைத்தான் செய்வேன். முடியாது என்றால், காலையில் கோழிகளை வெளியே விட்டுவிட்டு, தரையில் பரப்பிய கூளம், முட்டைப்பெட்டி வைக்கோல் எல்லாவற்றையும் வாரி எரியுங்கள். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். ஒவ்வொரு இடுக்கையும் சுரண்டி, சோப்பு கலந்த கொதிநீரை ஊற்றித் தேயுங்கள். நன்றாகக் காயவிட்டு, இடுக்கு நிறையும்படி சுண்ணாம்பு அடித்து, அதுவும் காய்ந்த பிறகுதான் கோழி உள்ளே. இதை ஒரு தடவை செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வெப்பமான நாட்களில் செள்ளின் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளுக்குள் அடுத்த தலைமுறை முட்டை போட வந்துவிடும். அதனால் ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கூட்டை ஒரு மாதம் காலியாகப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்றும் நம்பாதீர்கள். ரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், உங்களுக்கு விற்றவர் வீட்டில் அந்தக் கூடு எத்தனை மாதம் காலியாகக் கிடந்ததோ.

அப்புறம் பொறி. நெளிநெளியான அட்டைப்பெட்டித் துண்டைச் சுருட்டிக் கழிக்கு அடியில் கட்டுங்கள். செள்ளு பகலில் ஒளிய அதற்குள் போகும். வாரம் ஒருமுறை பிரிக்காமல் அப்படியே தீயில் போட்டுவிட்டுப் புதிது கட்டுங்கள். குறைகிறதா இல்லையா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

கோழி உடம்பில் சாம்பல் பூசலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சாம்பலும் மணலும் கலந்த புழுதிக்குழி பேனுக்கு நல்லது, கட்டாயம் வையுங்கள், மழை படாத இடத்தில். ஆனால் செள்ளு பகலில் கோழி மேலேயே இல்லை என்னும்போது அங்கே பூசி என்ன பயன்? மருந்து கூட்டுக்கு.

மருந்து என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மாட்டு உண்ணிக்கும் நாய்க்கும் விற்பதை 'கோழிக்கும் கேட்கும், ஒரு மூடி ஊற்றுங்கள்' என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். கேட்காதீர்கள். 2017-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இதே சிவப்புச் செள்ளை ஒழிக்கப் பண்ணைகளில் அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. உணவுக் கோழிகளிடம் பயன்படுத்தவே கூடாத மருந்து அது. முட்டைக்குள் அது இறங்கியிருந்தது தெரிந்து, லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அது பெரிய பண்ணை, சோதித்தார்கள், மாட்டியது. உங்கள் வீட்டு முட்டையை யார் சோதிக்கப் போகிறார்கள்? நேராகப் பிள்ளைகள் தட்டுக்குத்தான் போகும்.

அந்த மஞ்சள் பவுடரும் அப்படித்தான். உறையைப் படியுங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்காக இருக்கும். என்ன நோய் என்று பார்க்காமல், கோழியின் எடை தெரியாமல், எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்று சொல்லாமல் கொடுப்பதற்குப் பெயர் வைத்தியம் இல்லை. நிறுத்திய பிறகும் முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று உறையில் இருந்தால் அதன்படி, இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் பெயரைக் காட்டிக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன, அவரிடம் இருப்பது பாட்டில், அவர் பாட்டிலைத்தான் எடுத்துத் தருவார். ஆனால் கூட்டை ஒரு வார்த்தை விசாரிக்காமல் மூன்று பாட்டில் தருகிறவரிடம் தீவனத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கால்சியத்துக்கும் டானிக் எதற்கு? நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்தால் தேவையானது தேவையான அளவு பொறுக்கிக்கொள்ளும். பொழுது சாயும் நேரத்தில் அதிகம் தின்னும், ஏனென்றால் ஓடு உருவாவது பெரும்பாலும் ராத்திரியில். தீவனம் முட்டைக்கோழித் தீவனம்தானா, 16, 17 சதவீதம் புரதம் இருக்கிறதா என்று மூட்டையில் பாருங்கள். வெறும் தானியம் போட்டுக்கொண்டிருந்தால், செள்ளு போன பிறகும் முட்டை திரும்பாது. இழந்த ரத்தத்தை ஈடுகட்டவே சில வாரம் ஆகும், முதல் சுற்றுச் சுத்தம் முடிந்த மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்காதீர்கள்.

கழுத்து இறகு கொட்டியது தனிக்கதையாக இருக்கலாம். கொட்டின இடத்தில் முள்ளிறகு குத்திட்டு நின்றால் அது இறகு உதிர்ப்பு, அந்தக் கோழி இரண்டு மூன்று மாதம் முட்டை போடாது, அதை அதன் போக்கில் விடுங்கள். முதுகிலும் கொட்டியிருந்தால் சேவல் வேலை. 12 பெட்டைக்கு 3 சேவல் அநியாயம், ஒன்று போதும்.

ஒருவேளை மூன்று ராத்திரி துடைத்துப் பார்த்தும் துணி வெள்ளையாகவே இருந்தால் என் கணக்குத் தப்பு. அப்போது பகலில் ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கிப் பேன், ஈறு இருக்கிறதா பாருங்கள், எச்சத்தைக் குடற்புழுச் சோதனைக்குக் கொடுங்கள். நடுவில் ஏதாவது கோழி சோர்ந்து உட்கார்ந்தாலோ, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் தனியே பிரித்துவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த அடையை மூன்று சுற்றுச் சுத்தமும் முடிந்த பிறகு வையுங்கள், அதே கோழியையே வைக்கலாம். ராத்திரி முழுக்கக் கடிபட்டுக்கொண்டே 15 நாள் உட்கார்ந்திருந்திருக்கிறது, பொறுமைசாலி. மரப்பெட்டி வேண்டாம், அட்டைப்பெட்டியில் புது வைக்கோல் போட்டு, கூட்டுக்கு வெளியே தனி இடத்தில், நாய் பூனை எட்டாதபடி. 21 நாள் முடிந்து குஞ்சு இறங்கியதும் பெட்டியோடு எரித்துவிடுங்கள்.