வாசகர் கேள்வி பதில்: பார்க்குல கிடக்குற கொட்டையை சாப்பிடலாமா?

கேள்வி: லண்டன் பக்கம் குடிவந்து எங்களுக்கு இதுதான் முதல் அக்டோபர். ஸ்கூல் போற வழியில மரத்தடி பூரா பளபளன்னு பழுப்பு கொட்டை கொட்டிக் கிடக்குது, பையன் பை நிறைய பொறுக்கிட்டு வந்து "செஸ்ட்நட்தானே, சுட்டுக் குடும்மா"ங்கறான். சுடலாமா? - ஒரு வாசகி, க்ராய்டன்

பதில்: அடுப்பு பக்கமே போகாதீங்க சகோதரி! நீங்க சொல்றதைப் பாத்தா அது ஹார்ஸ் செஸ்ட்நட் மாதிரி இருக்கு, அங்க பிள்ளைங்க கான்கர்னு சொல்லி ஓட்டை போட்டு கயித்துல கோத்து ஒண்ணை ஒண்ணு அடிச்சு உடைச்சு விளையாடுறது. தின்னா வாந்தி, வயித்துவலி, சுட்டா சரியாயிடும்னும் நம்பாதீங்க. பேருலதான் ரெண்டும் செஸ்ட்நட், மத்தபடி சொந்தமே கிடையாது. கான்கர் நம்ம பூந்திக்கொட்டை குடும்பம், நறுக்கி சுடுதண்ணியில ஊறவச்சா நுரைகூட வரும். சுட்டுத் திங்கற நிஜ செஸ்ட்நட் ஓக் மரத்தோட குடும்பம்.

கொட்டையை விட்டுட்டு மேல் தோலைப் பாருங்க. திங்கற வகையில ஊசி ஊசியா நெருக்கமா முள்ளு, வெறுங்கையால தொட முடியாது, உள்ள ரெண்டு மூணு கொட்டை, ஒரு பக்கம் தட்டையா, நுனியில சின்ன குஞ்சம். கான்கர்ல தடிச்ச முள்ளு அங்கொண்ணு இங்கொண்ணு, கொட்டை உருண்டை, நுனியே இருக்காது. இலையும் வேற: திங்கற வகையில நீளமா தனித்தனி இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல்லு, கான்கர்ல ஒரே காம்புல அஞ்சு ஏழு இலை விரிஞ்சிருக்கும். சந்தேகம் வந்தா கீழ போட்டுடுங்க, அவ்ளோதான்.

கேள்வி: நல்ல செஸ்ட்நட்தான் பொறுக்கினோம். ஓவன்ல வச்சா பட்டாசு மாதிரி வெடிச்சுது, பாதியில புழு வேற. - ஒரு வாசகர், ரெடிங்

பதில்: கீறாம வச்சிருப்பீங்க. முந்திரி பாதாம்ல எண்ணெய் ஜாஸ்தி, இதுல பாதிக்கு பாதி தண்ணி, மீதி பெரும்பாலும் மாவுச்சத்து, அந்தத் தண்ணி ஆவியாகி வெளிய வர வழி இல்லாமதான் வெடிக்குது. கத்தியால மேல ஒரு கூட்டல் குறி போட்டு 200 டிகிரில 20-25 நிமிஷம் வைங்க, கீறின இடம் விரிஞ்சு சுருண்டுக்கும். சூடு ஆறுறதுக்குள்ள உரிச்சிடணும், ஆறிட்டா உள்ள இருக்கிற மெல்லிய தோல் ஒட்டிக்கும், அது கசக்கும். விரல் சுட்டாலும் பரவால்ல, ஊதி ஊதி உரிச்சு உப்பும் மிளகுத்தூளும் தூவி வாயில போடுங்க, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கணக்கா இருக்கும், ஆனா இனிப்பு கொஞ்சம் கம்மி. எனக்கு மழை நாள்ல இதுக்கு முன்னாடி பஜ்ஜியெல்லாம் ரெண்டாம்பட்சம்தான் (அடிக்க வராதீங்க).

புழுவுக்கு: பொறுக்கின அன்னைக்கே தண்ணியில போடுங்க, மிதக்குறதை தூக்கிப் போட்டுடுங்க. தண்ணிச்சத்து ஜாஸ்திங்கறதால சீக்கிரம் பூசணம் பிடிக்கும், ஃப்ரிட்ஜ்லதான் வைக்கணும்.

கேள்வி: இப்படி பொறுக்கினா யாராவது வந்து திட்டுவாங்களா? - அதே வாசகர்

பதில்: இங்கிலாந்துல 1968 திருட்டுச் சட்டப்படி, தானா முளைச்ச காட்டு மரத்துக் காயை விக்காம சொந்தமா சாப்பிட எடுத்தா அது திருட்டு இல்ல. ஆனா அடுத்தவங்க இடத்துக்குள்ள பூர அந்தச் சட்டம் அனுமதி தரல. ரிச்மண்ட் பார்க் மாதிரி ராயல் பார்க்குகள்ல பொறுக்கவே கூடாது, அங்க அது மானுக்கு சாப்பாடு. ஹேசல்நட்டும் (இன்னொரு காட்டுக் கொட்டை) வேணும்னா அடுத்த வருஷம் அக்டோபர் வரைக்கும் காத்திருக்காதீங்க, செப்டம்பர்லயே போய் பாருங்க, கொட்டை பச்சையா இருக்கும்போதே அணில் காலி பண்ணிடும்.