12 கன மீட்டர் வீட்டுச் சாமான்: கனடாவுக்குக் கப்பலில் அனுப்பலாமா, விற்றுவிடலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் ஏழு வயது மகளுடன் கோவையிலிருந்து கனடாவில் நிரந்தரமாகக் குடியேறவிருக்கிறோம். மிஸ்ஸிசாகாவில் உறவினர் வீட்டில் சில வாரங்கள் தங்கிவிட்டு, பிறகு வேலையும் வாடகை வீடும் தேட வேண்டும். வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்ப இரண்டு பேக்கர்ஸ் நிறுவனங்களிடம் விலை கேட்டோம். 12 கன மீட்டருக்கு ஒருவர் 4,80,000 ரூபாயும் மற்றொருவர் 3,10,000 ரூபாயும் கேட்கிறார்கள். சோபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வெட் கிரைண்டர், தையல் மெஷின், மாமனார் கொடுத்த ஈட்டி மரக் கட்டில், பித்தளைப் பாத்திரங்கள், புத்தகங்கள், பழைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்று ஆகியவை இதில் அடங்கும். சேமிப்பில் கை வைக்காமல் தனிநபர் கடன் வாங்கி அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது? – வாசகி, கோவை

பதில்: தனிநபர் கடன் வேண்டாம். இருவருக்கும் அங்கே வேலை இன்னும் அமையவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இங்கே மாதத் தவணை தொடங்கிவிடும் ஒரு கடனை, நாளாக நாளாக மதிப்பு குறையும் பழைய சாமான்களுக்காக வாங்குவதை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைப்பதில்லை. சேமிப்பையும் இதற்காகக் கரைக்க வேண்டியதில்லை. ஒன்டாரியோ மாகாணத்தில் வீடு பிடிக்கும்போது முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்கூட்டியே கேட்பது வழக்கம். சட்டமும் அதை அனுமதிக்கிறது. கையிருப்பின் முதல் வேலை அதுதான். ஆகவே, பணத்தை எங்கிருந்து திரட்டுவது என்று யோசிப்பதற்கு முன், 12 கன மீட்டரில் எவ்வளவு உண்மையிலேயே கப்பல் ஏற வேண்டும் என்பதைப் பார்த்துவிடுவோம்.

முதல் நிறுவனத்தின் விலையை 12 ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 40,000 ரூபாய் வருகிறது. இனி வீட்டில் ஒவ்வொரு பொருளின் முன்னும் அளவு நாடாவுடன் நில்லுங்கள். மூவர் அமரும் சோபா ஏறத்தாழ 2.1 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 0.85 மீட்டர் உயரம் இருக்கும், அதாவது 1.6 கன மீட்டர். அந்த ஒரு சோபாவை அனுப்ப மட்டும் 64,000 ரூபாய் ஆகிறது. அந்தப் பணத்தை மிஸ்ஸிசாகாவில் செலவிட்டால், பயன்படுத்திய சோபா ஒன்றை வாங்கிய பிறகும் மீதம் இருக்கும். இதே கணக்கில் 45 × 35 × 35 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி ஒன்று 0.055 கன மீட்டர்தான். அதற்கு ஆகும் செலவு சுமார் 2,200 ரூபாய். அந்தப் பெட்டிக்குள் இருபத்தைந்து கிலோ புத்தகமோ, பித்தளை அண்டாவும் குத்துவிளக்குமோ அடங்கிவிடும். கப்பலில் பிறர் சாமான்களோடு சேர்த்து ஏற்றும் சரக்குக்கு, எடை ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோவைத் தாண்டாதவரை இடத்துக்குத்தான் கட்டணம். வீட்டுச் சாமான் அந்த எடையை எட்டுவதே இல்லை. விமானச் சரக்கில் எடையும் பார்ப்பார்கள், இடத்தையும் எடையாக மாற்றிப் பார்ப்பார்கள் (ஒரு கன மீட்டரை சுமார் 167 கிலோவாக வைத்து), இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவார்கள். எனவே கனமான, சிறிய, அங்கே வாங்கினால் விலை அதிகமான பொருள்களுக்குக் கப்பல் ஏற்றது. பருமனான பொருள்களுக்கு எந்த வழியும் கட்டுப்படியாகாது.

மின்சாதனங்களை விற்றுவிடுங்கள். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவில் வீட்டுப் பிளக்கில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போதும் என்று பேக்கர்ஸ் ஆட்கள் சொல்வார்கள். ஆனால் அது வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த கிரைண்டர் மோட்டார் அங்கே ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடிச் சூடேறும். புவிசார் குறியீடு பெற்ற கோவை கிரைண்டரைப் பிரிய மனம் வராது என்பது புரிகிறது. அந்த மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை அங்குள்ள இந்தியக் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். அடாப்டரில் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும் லேப்டாப், கைப்பேசி சார்ஜர்களுக்குப் பிளக் மாற்றினால் போதும். தையல் மெஷின் காலால் மிதிக்கும் வகையாக இருந்தால் வோல்டேஜ் கவலையே இல்லை, தாராளமாக அனுப்பலாம். விற்கும் ஃபிரிட்ஜுக்கும் சோபாவுக்கும் இங்கே மூலதன ஆதாய வரி கிடையாது, ஏனெனில் அவை சொந்தப் பயன்பாட்டுப் பொருள்கள். நகைக்கும் ஓவியத்துக்கும் இந்த விலக்கு பொருந்தாது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

கட்டிலும் ஓவியமும் பணத்தைவிடச் சட்டம் சம்பந்தப்பட்டவை. ஈட்டி உள்ளிட்ட தால்பெர்ஜியா இன மரங்கள் 2017 முதல் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. ஒரு முழுக் கட்டிலை அனுமதி பற்றி விசாரிக்காமல் ஏற்றினால் அது துறைமுகத்தில் நிற்கக்கூடும், அது நிற்கும் நாளுக்கெல்லாம் கிடங்குக் கட்டணம் உங்களுடையது. மாமனார் வீட்டில் இடம் இருந்தால் கட்டில் அங்கேயே இருக்கட்டும். ஓவியம் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அவ்வளவு பழையதல்ல என்றால், பார்வைக்குப் பழையதாகத் தெரிவதாலேயே சுங்கத்தில் கேள்வி எழும். அதனால் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். பாட்டி காலத்து வெண்கல விக்கிரகம் ஏதேனும் பாத்திரங்களோடு கலந்திருந்தால் அதற்கும் இதே விதிதான்.

இனிச் சுங்கப் பட்டியலுக்கு வருகிறேன். கனடாவுக்குக் குடிபெயரும் பல குடும்பங்கள் பணத்தை இழப்பது இங்கேதான். முதன்முறையாகக் குடியேறுபவர், வருவதற்கு முன்பே தமக்குச் சொந்தமாக இருந்து, கைவசம் வைத்துப் பயன்படுத்திய பொருள்களைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம். இதில் ‘பயன்படுத்திய’ என்பது முக்கியம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் டவுன்ஹால் பகுதியில் வாங்கி, பிரிக்காத அட்டைப்பெட்டியோடு ஏற்றும் புதுப் பாத்திரங்களுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. பொருளுக்கேற்ற சுங்க வரியோடு ஒன்டாரியோவின் 13 சதவீத விற்பனை வரியும் கேட்கப்படலாம். சலுகையில் கொண்டுபோன பொருளை ஓராண்டுக்குள் விற்றாலோ யாருக்காவது கொடுத்தாலோ அப்போது வரி கட்ட வேண்டும்.

விமான நிலையத்தில் இறங்கிய அன்றே எல்லைச் சேவை அதிகாரியிடம் இரண்டு பட்டியல்களைக் கொடுக்க வேண்டும். ஒன்று உடன் கொண்டுவந்தவற்றுக்கு, மற்றொன்று பின்னால் வரவிருப்பவற்றுக்கு. பொருளின் பெயர், மதிப்பு, இருந்தால் மாடல், வரிசை எண் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். அதிகாரி அவற்றைக் கொண்டு பி.எஸ்.எஃப். 186 என்ற படிவத்தை முடித்து ஒரு பிரதியை உங்களிடம் தருவார். கப்பல் சரக்கை எடுக்கும் நாளில் அந்தத் தாள்தான் பேசும். கையில் அன்று இரண்டு சூட்கேஸ் மட்டுமே இருந்தாலும் இரண்டாவது பட்டியலைக் கொடுத்தே தீர வேண்டும், ஏனெனில் அதில் இல்லாத பொருள் பிறகு வந்தால் அதற்குக் குடியேறுபவருக்கான சலுகை இல்லை. வங்கி லாக்கரில் விட்டுச் செல்லும் நகைகளையும் இந்தப் பட்டியலில் இப்போதே எழுதிவிடுங்கள். ‘தங்கச் சங்கிலி – 1’ என்று எழுதினால் போதாது. நகை மதிப்பீட்டாளர் தேதியிட்டுக் கையெழுத்திட்ட விவரமும் புகைப்படமும் வேண்டும். நகைகள் ஒருபோதும் கப்பல் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும்போது அதே நகைகளுக்கு இங்கே கேள்வி எழாமல் இருக்க, புறப்படும்போதே இந்தியச் சுங்கத்திடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. கையில் 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாகவோ வரைவோலையாகவோ இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் வரி எதுவும் இல்லை, மறைத்தால் பணம் பறிமுதலாகும்.

இந்த இரண்டாவது பட்டியல் உங்களுக்கு இன்னொரு வசதியையும் தருகிறது. சாமான்களை இப்போதே அனுப்ப வேண்டிய அவசரமே இல்லை. வேலை எந்த ஊரில் அமையும், வீடு ஒரு படுக்கையறையா இரண்டா, தரைமட்டத்துக்குக் கீழுள்ள பேஸ்மென்ட் வாடகையா என்பது எதுவும் தெரியாத நிலையில் சரக்கு முதலில் போய்ச் சேர்ந்தால், அங்குள்ள கிடங்கில் நாள் கணக்கில் வாடகை ஏறும். பயணச்சீட்டில் ஆளுக்கு 23 கிலோ பெட்டிகள் இரண்டு அனுமதி என்றால் மூவருக்கும் சேர்த்து 138 கிலோ வருகிறது. குளிர் உடைகளை அங்கே வாங்கிக்கொள்வதாக வைத்தால், முதல் ஆறு மாதங்களுக்கு அது போதும். புத்தகம், பித்தளை, தையல் மெஷின், மகளின் பொருள்கள் ஆகியவற்றைப் பெட்டிகளாகக் கட்டி உங்கள் பெற்றோர் வீட்டில் வைத்துவிட்டு, முகவரி நிலைத்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள். என் கணக்கில் அவை 3 கன மீட்டருக்குள் அடங்கும். செலவு நேர்விகிதத்தில் 1,20,000 ஆகக் குறைந்துவிடாது. பேக்கிங்குக்கும் ஆவணங்களுக்கும் நிலையான கட்டணம் உண்டு, குறைந்தபட்ச அளவு என்றும் கேட்பார்கள். ஒன்றரை லட்சத்தைத் தாண்டினாலும் அது கடனில்லாமல் சமாளிக்கக்கூடிய தொகைதான்.

அப்படி அனுப்பும்போது காப்பீட்டைத் தவிர்க்க வேண்டாம். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதலாம் என்று யோசனை சொல்வார்கள். 4 லட்சம் பெறும் சாமான்களை 2 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 50,000 ரூபாய் சேதமானால், விகிதக் கணக்குப்படி 25,000 ரூபாய்தான் கிடைக்கும். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பெரும்பாலான பாலிசிகள் இழப்பீடு தருவதில்லை என்பதால், கண்ணாடிப் பொருள்களை மட்டுமாவது நிறுவனத்தின் ஆட்கள் கட்டட்டும்.

இன்னொரு ஆபத்தைப் பலர் அறிவதே இல்லை. கப்பல் விபத்தில் சிக்கி, கப்பலையும் சரக்கையும் மீட்கச் செலவானால், அதை ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்று அறிவித்து எல்லாச் சரக்கு உரிமையாளர்களிடமும் பங்கு கேட்கும் பழைய கடல் வணிக மரபு இன்றும் நடைமுறையில் உள்ளது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் அப்படித்தான் அறிவித்தார். அதில் சேதமே அடையாத பெட்டிக்காரர்களும் உத்தரவாதம் கொடுத்த பிறகே சரக்கைப் பெற முடிந்தது. காப்பீடு இருந்தால் அந்த உத்தரவாதத்தைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும், இல்லையென்றால் நீங்களே ரொக்கமாக வைப்புத்தொகை கட்ட வேண்டும். விபத்தெல்லாம் தொலைதூரச் செய்தி என்று நினைக்க வேண்டாம். எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 2025 மே மாதம் மூழ்கியதும் அதன் கன்டெய்னர்கள் கரை ஒதுங்கியதும் பக்கத்துக் கேரளக் கடற்கரையில்தான்.

கடைசியாக, 3,10,000 ரூபாய் கேட்ட நிறுவனத்தைப் பற்றி. இவ்வளவு வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் அந்த விலை துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது என்று பொருள். கனடாவில் கன்டெய்னரைக் கையாளும் கட்டணம், சுங்கம் திறந்து பார்த்தால் ஆகும் ஆய்வுச் செலவு, கிடங்கு வாடகை, அங்கிருந்து வீடு வரைக்குமான லாரி, மாடியேற்றும் கூலி ஆகியவை அதில் அடக்கமா, ஜி.எஸ்.டி. சேர்த்த தொகையா, அளவு கூடினால் ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு, மரச்சட்டப் பெட்டி போட்டால் அதில் வெப்பப் பதப்படுத்தலுக்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்குமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். இரண்டு நிறுவனங்களிடமும் 3 கன மீட்டருக்குப் புதிய விலையை இதே கேள்விகளோடு வாங்குங்கள். பதில்கள் எழுத்தில் வரும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.