கோலம் போடும் கைக்கு ஆய்வுக் கப்பலில் என்ன வேலை?

கேள்வி: செம்பூரில் இருக்கிறேன். துணிக்கு அச்சுக்கட்டை டிசைன் செய்கிறேன். புள்ளிக் கோலம் நன்றாக வரும். கடல் ஆராய்ச்சிக் கப்பல்களில் கலைஞர்களையும் கூட்டிப்போகிறார்களாமே, அறிவியல் படிக்காத நான் விண்ணப்பிக்கலாமா? எங்கே ஆரம்பிப்பது?

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் கடல் ஆராய்ச்சி அமைப்பான ஷ்மிட் ஓஷன் இன்ஸ்டிடியூட் 2015 முதல் தன் ஆய்வுக் கப்பலில் கலைஞர்களை ஏற்றிக்கொள்கிறது. பிரான்ஸின் ‘தாரா’ என்ற ஆய்வுப் பாய்மரக் கப்பலிலும் கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் இந்த ஏற்பாடு (ரெசிடென்சி) உண்டு.

வழக்கம் பழையதுதான். 1872-ல் கிளம்பிய பிரிட்டனின் சாலஞ்சர் ஆய்வுக் கப்பலிலேயே ஓவியர் ஒருவர் இருந்தார். எனக்கு மிகவும் பிடித்தவர் ஓவியர் எல்ஸ் போஸ்டல்மன். 1930-களில் பெர்முடா கடலில் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் பீப் ஓர் எஃகு உருண்டைக்குள் உட்கார்ந்து ஆழத்துக்கு இறங்குவார். 1934-ல் 923 மீட்டர் வரை போனார். கண்ணில் பட்ட மீனின் வடிவத்தையும் ஒளியையும் தொலைபேசியில் மேலே சொல்வார். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் போஸ்டல்மன் வரைந்தார்.

விஞ்ஞானிக்கு உங்களிடம் வேண்டியது அலங்காரம் அல்ல, உங்கள் கண். ‘கடல் என் உயிர்’ என்று விண்ணப்பத்தில் எழுதுகிறவர்கள் உண்மையாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு விஞ்ஞானியால் பேச்சைத் தொடர முடியாது. ஒரு கேள்வியோடு போங்கள்.

கேள்வி உங்கள் ஊர்க் கரையிலேயே கிடக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பைக் கடல் நன்றாக வற்றும். அப்போது பாந்த்ரா கார்ட்டர் ரோடு பாறைகளில் இறங்கிப் பாருங்கள். சோவாந்திட் என்ற, பவழத்துக்கு உறவான சிறு உயிர் கும்பல் கும்பலாக ஒட்டியிருக்கும். நீர் விலகிய இடத்தில் மூடிக்கொண்டு சேற்று உருண்டை மாதிரி தெரியும். குழிநீருக்குள் பச்சை வட்டாக விரிந்து, விளிம்பெல்லாம் குஞ்சம் கட்டியிருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, அதை எது தீர்மானிக்கிறது? புள்ளி வைத்துப் பழகிய உங்களுக்கு இது உடனே உறைக்கும்.

அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்து, ஒரே பாறையில் வைத்து மூன்று மாதம் வரையுங்கள். தேதி, நேரம், ஓதத்தின் (கடல் ஏறி வற்றுவதன்) உயரம் பக்கத்திலேயே இருக்கட்டும். கடலோர ஆய்வாளர்களும் இப்படிச் சட்டம் வைத்துத்தான் எண்ணுகிறார்கள். கடற்கரைச் சாலைக்காக 2020-ல் ஹாஜி அலி, வொர்லிப் பாறைகளிலிருந்து பவழக் கூட்டங்களைப் பெயர்த்து வேறிடம் மாற்றினார்கள். மாறிக்கொண்டே இருக்கும் இந்தக் கரைக்கு உங்கள் நோட்டு ஒரு பதிவு. எதையும் பிடுங்கி எடுக்காதீர்கள். பவழம் சட்டப் பாதுகாப்பில் உள்ளது.

பிறகு அந்த நோட்டிலிருந்து இரண்டு பக்கத்தை எடுத்துக்கொண்டு, அந்தேரி மேற்கில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் மண்டல மையத்துக்கோ வெர்சோவாவின் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்துக்கோ எழுதுங்கள். மைக்ராஸ்கோப் முன்னால் அரை மணி நேரம் மட்டும் கேளுங்கள். கப்பல் விண்ணப்பம் அதற்கப்புறம் போகட்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் பாருங்கள்: செலவு யாருடையது, படைப்பின் உரிமை யாருக்கு, ஆய்வுக் கட்டுரை வருமுன் எதை வெளியிடக் கூடாது.

மழைக்காலத்தில் பாறை வழுக்கும், அலையும் மோசம். அக்டோபருக்குப் பிறகு, துணைக்கு ஒருவரோடு போங்கள். நீர் திரும்ப ஆரம்பித்ததும், வரைவது பாதியில் நின்றாலும், கரையேறிவிடுங்கள்.