நடத்தை விதியில் எந்த வினைச்சொல்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு பன்னாட்டு ஆடை நிறுவனம் தன் சப்ளையர்களுக்கு வகுத்த நடத்தை விதிகளைப் படித்தேன். குழந்தைத் தொழிலாளர் கூடாது, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, சங்கம் அமைக்கத் தடையில்லை என எல்லாமே இருக்கிறது. சப்ளையர் ஆலைகளில் தணிக்கையும் நடக்கிறதாம். பிறகும் ஏன் இவற்றை நம்ப மறுக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஆவணத்தை மறுபடி திறந்து ஒரு வினைச்சொல்லைத் தேடுங்கள். “சப்ளையர்களை ஆய்வு செய்வோம்” என்று இருக்கிறதா, “ஆய்வு செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு” என்றா? இந்த வேறுபாட்டில் ஒரு வழக்கே தோற்றிருக்கிறது. சீனா, வங்கதேசம், இந்தோனேசியா, ஸ்வாசிலாந்து, நிகரகுவா நாடுகளில் வால்மார்ட்டுக்குச் சரக்கு தயாரித்த ஆலைகளின் தொழிலாளர்கள், அதன் நடத்தை விதிகளைக் காட்டி அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. ஆய்வு செய்யும் உரிமையை நிறுவனம் வைத்துக்கொண்டதே தவிர, ஆய்வு செய்வதாகத் தொழிலாளர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை என்றது. ஒப்பந்தம் நிறுவனத்துக்கும் சப்ளையருக்கும் இடையில். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் அதில் வெளியாள்.

தணிக்கைக்கு வருவோம். பெரும்பாலும் கட்டணம் கட்டுவது ஆலை முதலாளி. வருவது ஓரிரு நாள், அதுவும் பல நேரம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. தொழிலாளரிடம் பேசுவது ஆலைக்குள்ளேயே. யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும். பிறகு யார் வாய் திறப்பார்கள்? சில ஆலைகளில் வருகைப் பதிவேடு இரண்டு இருக்கும்: உண்மையானது ஒன்று, தணிக்கையாளருக்குக் காட்ட ஒன்று. அனுபவமுள்ள தணிக்கையாளர் காட்டியதை நம்பி உட்கார மாட்டார். ஊசி முறிவுப் பதிவேட்டையும் தரச் சோதனைத் தாள்களையும் வாங்கித் தேதி பார்ப்பார். விடுமுறை நாளில் ஊசி உடைந்திருந்தால் அன்று வேலை நடந்திருக்கிறது. ஆனால் சங்கத்தில் சேர்ந்ததற்காக வந்த மிரட்டலும் பாலியல் தொல்லையும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வழிகள் பூட்டியிருந்தன, சன்னல்களில் கம்பி. வேலைச் சூழல் சரியாக இருக்கிறது என்று சொல்லும் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்த பிறகுதான் வேறு வகை ஆவணம் ஒன்று வந்தது. வங்கதேசத் தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையில் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கையெழுத்திட்டன. ஆய்வாளர்களை நியமித்தது ஆலை முதலாளி அல்ல. அறிக்கைகளும் பொதுவில் வெளியாயின. பழுது பார்க்க மறுக்கும் ஆலைக்கு ஆர்டர் கிடையாது. பழுது பார்க்கும் செலவு கட்டுப்படியாகும்படி வணிக நிபந்தனைகளைப் பேசி முடிக்கும் பொறுப்பு நிறுவனங்களுடையது. மீறினால் நடுவர் மன்றம். சங்கங்கள் 2016இல் இரண்டு நிறுவனங்களை ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. அதில் ஒன்று 23 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. எந்த நடத்தை விதியிலும் நான் பார்க்காத பலம் இது.

நடத்தை விதி சப்ளையரைத்தான் கட்டுப்படுத்துகிறது, நிறுவனத்தின் கொள்முதல் பிரிவை அல்ல. டிசைனைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டு, அனுப்ப வேண்டிய தேதியை மாற்றாமல் விட்டால் 60 மணி நேர விதி அந்த வாரமே உடைந்துவிடும். பழி ஆலைக்கு.

அதற்காக நீங்கள் படித்ததைத் தூக்கிப் போட வேண்டாம். ஊதியப் பகுதியில் வாழ்க்கைச் செலவுக்கு ஈடான கூலி என்று இருக்கிறதா, குறைந்தபட்சக் கூலியோடு நிற்கிறதா என்று பாருங்கள். சங்கம் அமைக்கும் உரிமை “உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கும் அளவில்” என்றிருந்தால், சங்கத்தைத் தடுக்கும் நாட்டில் அந்த வரிக்கு மதிப்பில்லை. ஆலைப் பட்டியல் வெளியாகியிருக்கிறதா என்பதும் முக்கியம். தான் தைப்பது யாருக்கென்றே தெரியாதவர் யாரிடம் புகார் செய்வார்? சங்கங்கள் விதி எண், தேதி, சம்பளச் சீட்டின் நகல் ஆகியவற்றோடு புகார் எழுதினால், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த வழிகாட்டுதல்களை ஏற்ற நாடுகளிலுள்ள தேசியத் தொடர்பு மையங்களுக்குக் கொண்டு போகலாம். அந்த மையம் தண்டிக்காது, மத்தியஸ்தம்தான் செய்யும். பிரான்சின் பெரிய நிறுவனம் என்றால் சப்ளையர்களிடம் நடக்கும் உரிமை மீறல்களையும் கண்காணிக்கச் சொல்லும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்துக்கே போக வழியுண்டு. புகார் கொடுத்தவரின் பெயர் மட்டும் ஆலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலையை இழந்த பிறகு திரும்பச் சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.