வேட்டையில் நியாயம் என்று ஒன்று உண்டா?

"ஒரு பக்கம் துப்பாக்கி, மறுபக்கம் மான். இதில் 'நியாயமான வேட்டை' என்று அமெரிக்கர்கள் எதைச் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம பலத்தை அல்ல. விலங்குக்குத் தப்பிக்க நிஜமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர்கள் சங்கம் பரப்பிய கருத்து இது.

1902 நவம்பர், மிசிசிப்பி. அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டுக்குக் கரடி சிக்கவில்லை. வழிகாட்டி ஹோல்ட் காலியர், நாய்கள் மடக்கிய கரடியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து மரத்தில் கட்டிவைத்து, அவரை அழைக்க ஆள் அனுப்பினார். ரூஸ்வெல்ட் சுட மறுத்துவிட்டார். அவருடைய செல்லப்பெயரான 'டெடி'யைத் தாங்கிய கரடி பொம்மை பிறந்த கதை இதுதான். பலருக்குத் தெரியாத மிச்சம்: அடிபட்ட கரடியின் வேதனையை முடிக்கச் சொன்னார், கத்தியால் கொன்றார்கள். பொம்மைக் கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்!

இன்று சட்டமே சில இடங்களில் நியாயமான வேட்டையைப் பேசுகிறது. அலாஸ்காவில் சிறுவிமானத்தில் பறந்த அன்றே பெரிய விலங்குகளைச் சுடப் பெரும்பாலும் அனுமதியில்லை. மறுநாள் அதிகாலை 3 மணி தாண்ட வேண்டும். மேலிருந்து பார்த்து, இறங்கிச் சுடுவதைத் தடுக்கத்தான். தென்னாப்பிரிக்காவில் வேலிக்குள் வளர்த்த சிங்கத்தைக் காசு வாங்கிச் சுட விடுவது இதற்கு நேர் எதிர். புட்டிப்பால் குடித்த சிங்கம் மனிதனைக் கண்டு ஏன் ஓடப்போகிறது?

எனக்கு ஒரு நெருடல் உண்டு. கட்டிய கரடி ஒரே குண்டில் சாகும். ஓடவிட்ட மான் குடலில் குண்டு வாங்கி இரவெல்லாம் துடிக்கலாம். நியாயமான வேட்டை என்பது பெரும்பாலும் வேடனின் மானத்தைப் பற்றியது, விலங்கின் வலியைப் பற்றியது அல்ல. அந்த வலியைக் குறைக்கத்தான் நல்ல வேட்டைக்காரர்கள் தூரத்துக் குறியை விட்டுவிடுவார்கள். அடிபட்டது ஓடினால் ரத்தத்தடம் பிடித்து இருட்டிலும் தேடிப் போவார்கள்.