வாசகர் கேள்வி: மீட்டர் 25 காட்டுகிறது, கணக்கு 100 சொல்கிறது

கேள்வி: நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றில், ஒவ்வொரு பிளக்கின் மேலும், பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் தனித்தனி காயில் இருக்கிறது. எஞ்சினை 3000 ஆர்.பி.எம்.மில் ஓடவிட்டு, ஒரு காயிலின் சிக்னல் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தால் 25 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. டிஸ்டிரிபியூட்டர் (ஒரே காயிலின் மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் கருவி) உள்ள வண்டிகளுக்கு நான் போட்டுவந்த கணக்கின்படி 100 வர வேண்டும். எது சரி? தொப்பூர் கணவாயில் ஏறும்போது டைமிங் மாறினால் இந்த எண்ணும் மாறுமா?
– மெக்கானிக் வாசகர், தருமபுரி

பதில்: இரண்டும் சரிதான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டருக்கு ஒரு பொறி தேவைப்படும். 3000 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 50 சுற்று. ஆகவே ஒரு சிலிண்டருக்கு 25 பொறி, நான்குக்கும் சேர்த்து 100. டிஸ்டிரிபியூட்டர் வண்டியில் ஒரே காயில் நான்கு பிளக்குகளுக்கும் உழைத்ததால் அந்த 100-உம் அதன் தலையில் விழுந்தது. ஆர்.பி.எம்.மைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி 120-ஆல் வகுத்தால் மொத்தப் பொறிகள் கிடைத்துவிடும். மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கு இதே வேகத்தில் 75 வரும். இரண்டு பிளக்குகளுக்கு ஒரு காயில் வைத்த வண்டிகளில் மட்டும் கவனம் தேவை: அங்கே புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் முடிவிலும் ஒரு பொறி வீணாக அடிக்கப்படுவதால், ஒரு காயிலில் 50 காட்டும்.

தனித்தனி காயில் வந்ததற்கு இந்தக் கணக்கே ஒரு முக்கியக் காரணம். 6000 ஆர்.பி.எம்.மில் ஒற்றைக் காயிலுக்கு இரண்டு பொறிகளுக்கிடையே 5 மில்லிவினாடிதான் கிடைக்கும். அதில் ஏறத்தாழ 3 மில்லிவினாடி மின்னோட்டம் ஏறுவதற்கே போய்விடும். தனிக் காயிலுக்கோ 20 மில்லிவினாடி இருக்கிறது.

இனி டைமிங். எத்தனை பொறி என்பது வேறு, எந்தக் கணத்தில் பொறி என்பது வேறு. பலரும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆர்.பி.எம்.மை 6-ஆல் பெருக்கினால் கிராங்க் ஒரு வினாடியில் திரும்பும் டிகிரி வரும். 3000-இல் அது 18,000. அதாவது ஒரு மில்லிவினாடிக்கு 18 டிகிரி. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் பாரத்தோடு எஞ்சின் தட்டத் தொடங்க, அந்தத் தட்டலை உணரும் நாக் சென்சார் சொன்னதைக் கேட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, அட்வான்ஸை (பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி அடிக்கும் கோணத்தை) 27 டிகிரியிலிருந்து 18-க்குக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறி அரை மில்லிவினாடி பிந்தி வரும், அவ்வளவுதான், ஆர்.பி.எம். மாறாதவரை மீட்டர் அதே 25-ஐத்தான் காட்டும். கியரைக் குறைத்து ஆர்.பி.எம். ஏறினால் எண்ணும் ஏறும், ஆனால் அதற்கும் டைமிங்குக்கும் தொடர்பில்லை. டைமிங்கைப் பார்க்க டைமிங் லைட் அல்லது ஸ்கேனர் வேண்டும்.

மல்டிமீட்டரைச் சிக்னல் ஒயரில் மட்டுமே வையுங்கள். பிளக் பக்கம் பல்லாயிரம் வோல்ட் பாய்கிறது. சில வண்டிகள் ஐட்லிங்கில் ஒரே ஸ்ட்ரோக்குக்குப் பல பொறிகள் அடிக்கும் என்பதால், நீங்கள் செய்ததுபோல் வேகத்தைக் கூட்டி அளப்பதே நல்லது. 25 ஒழுங்காக வந்தும் அந்தச் சிலிண்டர் மிஸ் அடித்தால் முதலில் காயிலையும் பிளக்கையும் பாருங்கள்; சிக்னலே வராவிட்டால் ஒயரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.